எதிர்க்காற்றை முதலில் முடி!

மாணவச் செல்வங்களே, கிறிஸ்துமஸ் விடுமுறையில் சைக்கிள் பயிற்சியா? பொம்மையார்பாளையம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிசம்பர் மாதக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசும். மரக்காணம் பக்கம் மிதித்தால் எதிர்க்காற்று. புதுச்சேரி பக்கம் திரும்பினால் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும்.

எதிர்க்காற்றில் ஏன் மூச்சு வாங்குகிறது தெரியுமா? நம்மீது மோதும் காற்றின் வேகம் 2 மடங்கானால், அதன் தடை 4 மடங்காகும். எனவே தெம்பு இருக்கும்போதே வடக்கே போங்கள். களைத்தபின் காற்றோடு திரும்புங்கள். புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கோ இது தலைகீழ். மாலையில், களைப்போடுதான் எதிர்க்காற்று! அவர்கள் நிதானமாக மிதிப்பதே நல்லது.

அந்நாட்களில் சூரியன் உதிக்கவே சுமார் 6.30 மணியாகும். பெரியவர் துணையோடு, விடிந்தபின் கிளம்புங்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு அவசியம். வாசலில் தொங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்போல உங்கள் சைக்கிளும் தூரத்திலிருந்தே தெரியட்டும்!