மகிழுந்து மைலேஜ் அளவீடு: நாடுகளுக்கிடையேயான வேறுபாடுகள்

மகிழுந்தின் அதிகாரப்பூர்வ மைலேஜ் என்பது, அரசு ஏற்ற முறைப்படி ஆய்வகத்தில் அளந்து அறிவிக்கப்படும் எரிபொருள் சிக்கன அளவு ஆகும். ஒரே வண்டிக்கு இந்தியா, பிரான்சு, அமெரிக்கா, சப்பான் ஆகிய நாடுகளில் வெவ்வேறு எண்கள் தரப்படுகின்றன. அலகு, ஆய்வு முறை, எரிபொருள், வண்டியின் அமைப்பு ஆகியவை இதற்கு முதன்மைக் காரணங்கள்.

அலகுகள்

இந்தியாவில் ஒரு லிட்டரில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கணக்கிடுவர். பிரான்சு உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் 100 கி.மீ. ஓட எத்தனை லிட்டர் தேவை என்று கணக்கிடுவர். பிரான்சில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் பல வாழும் புதுச்சேரியில் இரு கணக்கு முறைகளும் பேச்சில் எதிர்ப்படுவதுண்டு. கருவடிக்குப்பத்தில் ஒருவர் "லிட்டருக்கு 20" என்று சொல்லும் வண்டியைப் பாரிசில் இருப்பவர் "நூற்றுக்கு 5" என்பார், இரண்டும் ஒன்றே. அதே வண்டி அமெரிக்கக் கேலனுக்கு 47 மைல், பிரித்தானியக் கேலனுக்கு 56.5 மைல் ஓடும். அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரித்தானியக் கேலன் 4.546 லிட்டர் என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இந்திய முறையில் சேமிப்பைத் தவறாக மதிப்பிட வாய்ப்புண்டு. மைலேஜ் 10-லிருந்து 12.5 ஆக உயர்ந்தால் 100 கி.மீ.-க்கு 2 லிட்டர் மிச்சமாகும். 20-லிருந்து 25 ஆக உயர்ந்தால் 1 லிட்டர் மட்டுமே மிச்சமாகும்.

ஆய்வு ஓட்டம்

அலகை மாற்றிய பிறகும் எண்கள் ஒத்துப்போவதில்லை. வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, வினாடிக்கு வினாடி வகுக்கப்பட்ட வேகத்தில் ஓட்டுவதே ஆய்வு. அந்த வேக அட்டவணை நாட்டுக்கு நாடு மாறுகிறது.

இந்தியாவின் திருத்தப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி, ஐரோப்பாவின் பழைய சுழற்சியைத் தழுவியது. மொத்தம் 1180 வினாடிகள் கொண்டது. உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஐரோப்பியச் சுழற்சியில் உச்ச வேகம் 120 கி.மீ. ஆக இருந்தது. சிக்னலில் நிற்பதற்கான நேரமும் இதில் உண்டு. ஆனால் வேகம் மெதுவாகவே கூட்டப்படுகிறது; குளிர்சாதனம் இயக்கப்படுவதில்லை.

ஐரோப்பாவில் 2017 முதல் உலக ஒத்திசைவு முறை நடைமுறைக்கு வந்தது. அதன் ஓட்டம் 1800 வினாடிகள், சுமார் 23 கி.மீ. தொலைவு, உச்ச வேகம் 131 கி.மீ. சப்பானும் இம்முறைக்கு மாறியது; எனினும் தன் சாலைகளுக்குப் பொருந்தாத மிகை வேகப் பகுதியை நீக்கிக்கொண்டது.

அமெரிக்காவில் 2008 மாடல் ஆண்டு முதல் ஐந்து ஆய்வுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. நகரம், நெடுஞ்சாலை ஆகியவற்றுடன் விரைவான ஓட்டம், 35 பாகை வெப்பத்தில் குளிர்சாதனத்துடன் ஓட்டம், சுமார் -7 பாகைக் குளிரில் ஓட்டம் ஆகியவையும் அடங்கும். எனவே அமெரிக்க எண்கள் பொதுவாகக் குறைவாக இருக்கும்.

மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியசு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சப்பானின் பழைய முறையில் அதன் சிக்கன வகைக்கு லிட்டருக்கு 38 கி.மீ. தரப்பட்டது. பின்வந்த சப்பானிய முறையில் அது 32.6 ஆனது. ஐரோப்பாவில் 100 கி.மீ.-க்கு 3.9 லிட்டர், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 25.6 கி.மீ. அமெரிக்காவில் கேலனுக்கு 50 மைல், அதாவது ஏறத்தாழ 21.3 கி.மீ.

எரிபொருளும் வண்டியும்

எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. எனவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், தூய பெட்ரோலைவிட லிட்டருக்கு 6 முதல் 7 விழுக்காடு ஆற்றல் குறைகிறது. மேலும், ஒரே பெயரில் விற்கப்படும் வண்டிக்கு நாட்டைப் பொறுத்து எஞ்சின், டயர், எடை ஆகியவை மாறுவதும் உண்டு.

யார் அளப்பது

இந்தியாவில் புனேயிலுள்ள இந்தியத் தானுந்து ஆராய்ச்சிச் சங்கம் போன்ற சோதனை அமைப்புகள் சான்றளிக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான ஆய்வுகளை நிறுவனங்களே செய்ய, அரசின் சுற்றுச்சூழல் முகமை சிலவற்றை மறுசோதனை செய்கிறது. அத்தகைய சோதனையை அடுத்து, 2012-இல் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் பல மாடல்களின் எண்களைக் குறைத்து வெளியிட நேர்ந்தது. உருளை ஆய்வில் காற்று, டயர் ஆகியவற்றின் எதிர்ப்பாக எந்த மதிப்பு உள்ளிடப்படுகிறதோ, அதைப் பொறுத்தே முடிவு அமைகிறது. அந்த மதிப்பே அங்கு தவறாக இருந்தது.

எண்ணின் விளைவுகள்

இந்த எண்கள் வாங்குவோருக்கு மட்டும் உரியவை அல்ல. பிரான்சில் 2008 முதல், ஆய்வில் அதிகக் கரியமில வாயு காட்டும் புதிய வண்டிக்குக் கூடுதல் வரி உண்டு. இந்தியாவில் 2017 முதல், ஒரு நிறுவனம் விற்கும் மகிழுந்துகள் அனைத்தின் சராசரிக்கும் வரம்பு உள்ளது. ஆய்வு முறை மாறினால் வரியும் வரம்பும் திருத்தப்பட வேண்டும் என்பதால் நாடுகள் முறையை எளிதில் மாற்றுவதில்லை.

நடைமுறை மைலேஜ்

நெரிசல், குளிர்சாதனம், சுமை, டயர் காற்றழுத்தம் ஆகியவற்றால் சாலையில் கிடைக்கும் மைலேஜ் பெரும்பாலும் அறிவிக்கப்பட்டதைவிடக் குறைவு. ஒரே நாட்டில், ஒரே முறையில் அளக்கப்பட்ட இரு வண்டிகளை ஒப்பிடவே அதிகாரப்பூர்வ எண் பொருத்தமானது. சொந்த வண்டியின் மைலேஜை அறிய, டேங்கை நிரப்பி, சில நூறு கி.மீ. ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய தொலைவை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுப்பது வழக்கம்.