மூன்று துண்டு இரும்பு

முதல் உலகப் போரில், 1915 தொடக்கத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரண்டு தரப்புப் படைகளும் எதிரெதிரே மண்ணைத் தோண்டிக்கொண்டு கிடந்தன. சில இடங்களில் எதிரி இருமினால் இங்கே கேட்கும். ஆனால் அவனைத் தொட வழியில்லை. துப்பாக்கிக் குண்டு நேராகத்தான் போகும். பீரங்கிக் குண்டும் தாழப் பறந்து குழியைத் தாண்டிப் போய்விடும். தூரம் சற்றுக் குறைந்தாலோ சொந்த ஆட்களின் தலையில் விழும். குண்டை உயரத் தூக்கியெறிந்து, செங்குத்தாகக் குழிக்குள் இறக்கும் கருவிதான் தேவைப்பட்டது.

அப்படி ஒன்று முன்பே இருந்தது. 1670களில் மென்னோ வான் கோஹோர்ன் என்ற டச்சுப் பொறியாளர், சில ஆட்களே தூக்கிப் போகக்கூடிய சிறு மோர்ட்டாரைக் கோட்டை முற்றுகைகளுக்காகச் செய்தார். மோர்ட்டார் என்ற சொல்லுக்கே உரல் என்றுதான் பொருள். அந்தக் காலத்துக் கருவியும் கட்டையாக, அகன்ற வாயோடு உரல் போலவே இருக்கும். கோட்டைச் சண்டைகள் குறையவும் படைகள் அதை மறந்தன. ஜெர்மானியர் மட்டும் விழிப்பாக இருந்தனர். 1904-05இல் போர்ட் ஆர்தர் முற்றுகையைக் கூர்ந்து படித்து, மீனென்வெர்பர் என்ற மோர்ட்டார் வகைகளைத் தயார் செய்து வைத்திருந்தனர். பிரிட்டிஷாரிடம் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் கிடந்த, லூயி பிலிப் மன்னர் காலத்துக் கோஹோர்ன் மோர்ட்டார்கள் நாற்பதை வாங்கி வந்து சுட்டார்கள். அங்கே போயிருந்த இந்தியப் படையின் சாப்பர்கள் என்ற பொறியியல் சிப்பாய்கள் கையில் கிடைத்த குழாயையும் மரத்தையும் கொண்டு தாங்களே மோர்ட்டார் செய்துகொண்டார்கள். ஒரு பேரரசு தன் சிப்பாய்களை அந்த நிலையில்தான் அனுப்பியிருந்தது.

இந்தக் குறையைத் தீர்த்தவர் படைக்காரர் அல்லர். இப்ஸ்விச் நகரில் கிரேன்களும் மதகுகளும் செய்யும் ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியர் நிறுவனத்தின் தலைவர் வில்ஃப்ரெட் ஸ்டோக்ஸ். 1915 ஜனவரியில் அவர் வரைந்த கருவியில் இருந்தவை மூன்றே துண்டுகள்: ஒரு குழாய், மண்ணில் ஊன்ற ஓர் அடித்தட்டு, முட்டுக்கொடுக்க இரண்டு கால்கள். மொத்த எடை 47 கிலோ. மூன்று பேர் பங்கிட்டுச் சுமக்கலாம். கையிருப்பில் இருந்த குண்டுகள் இதற்குப் பொருந்தா என்று சொல்லி அதிகாரிகள் முதலில் தள்ளிவிட்டார்கள். வெடிபொருள் அமைச்சராக வந்த லாயிட் ஜார்ஜ் தலையிட்ட பிறகே தயாரிப்பு வேகம் பிடித்தது.

சுடும் முறையைச் சொல்லியாக வேண்டும். குழாயின் அடியில் ஓர் ஊசி நிலையாக நிற்கிறது. கிட்டத்தட்ட ஐந்து கிலோ எடையுள்ள குண்டை, வால் கீழாக, குழாயின் வாயில் பிடித்துக் கையை விட வேண்டும். அது சறுக்கி இறங்கி ஊசியில் மோதும்; வாலில் உள்ள தோட்டா வெடிக்கும்; இறங்கிய வழியே குண்டு மேலே பாயும். அதற்குள் கையையும் தலையையும் இழுத்துக்கொள்ள வேண்டும். விரைவாகப் போட்டால் நிமிடத்துக்கு இருபதுக்கும் மேல். முதல் குண்டு விழும் முன்பே அடுத்தடுத்த குண்டுகள் வானத்தில் இருக்கும். ஆனால் அவை வாலிறகு இல்லாமல் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போயின. எட்டியதும் ஏறத்தாழ 700 மீட்டர்தான்.

அந்தக் குண்டுக்கு நிதானம் கொடுத்தவர் எட்கர் பிரான்ட். பாரிசின் புகழ்பெற்ற இரும்புக் கலைஞர். வெர்டனில் மண்மூடிப் போன பதுங்குகுழி ஒன்றின் நினைவிட வாயிலுக்கு உலோகக் கதவு செய்தவர். 1923இல் பாரிஸ் வெற்றி வளைவின் கீழ், பெயர் தெரியாத சிப்பாயின் கல்லறையில் ஏற்றிய அணையாச் சுடரைச் சுற்றியுள்ள உலோக வேலையும் அவருடையதுதான். அதே கைதான், சில ஆண்டுகளில், ஸ்டோக்ஸின் குழாய்க்கு நீர்த்துளி வடிவக் குண்டையும் வாலிறகையும் கொடுத்து, வீச்சை இரண்டு கிலோமீட்டருக்குக் கொண்டுபோனது. இறந்தவனுக்குச் சுடரும், இனி இறக்கப்போகிறவனுக்குக் குண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. அமெரிக்காவின் 81 மில்லிமீட்டர், சோவியத்தின் 82 மில்லிமீட்டர் மோர்ட்டார்கள் எல்லாம் அந்த வழி வந்தவை.

இன்று பிரிட்டிஷ் படையிடம் உள்ள எல்16 மோர்ட்டாரும் அதே மூன்று துண்டுதான். எடை 35 கிலோ அளவுக்கு இறங்கியிருக்கிறது. வீச்சு ஐந்தரை கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. குண்டைக் கையால் போடுவது மாறவில்லை. அதிலுள்ள ஆபத்தும் போகவில்லை. 2013 மார்ச்சில் அமெரிக்காவின் நெவாடாவில் நடந்த பயிற்சியில் ஏழு மரைன் வீரர்கள் இறந்தார்கள். குழாய்க்குள் ஒரு குண்டு இருக்கும்போதே இன்னொன்றைப் போட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

மாறியது வானம். 1916இல் மோர்ட்டார்காரர்களைக் கண்டால் சொந்தக் காலாட்படையே முகம் சுளிக்கும். அவர்கள் சுட்டுவிட்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எதிரியின் பதிலடி, அங்கேயே இருப்பவன் தலையில் விழும். உக்ரைனில் மீண்டும் பதுங்குகுழிப் போர் மூண்டபோது நிலைமை தலைகீழ். மேலே சுற்றும் ட்ரோன் குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து 'இன்னும் இடப்பக்கம்' என்று திருத்துகிறது. சுட்டவர்களைத் தேடி எதிரியின் ட்ரோனும் வருகிறது. இடம் மாறினாலும் அது விடுவதில்லை.

ஈழத்தமிழருக்கு மட்டும் இந்தக் கருவியை யாரும் விளக்கத் தேவையில்லை. 'ஷெல்', 'பங்கர்' இரண்டும் அங்கே வீட்டுச் சொற்கள். முற்றத்தில் குழி வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் போட்டு மூடுவதைப் பிள்ளைகளும் அறிந்திருந்தார்கள். 2009இல், இலங்கைப் போரின் இறுதியில், முள்ளிவாய்க்காலின் மணலில் குழி வெட்டினால் பக்கச் சுவர் சரிந்து விழுந்தது. சாக்கு கிடைக்காமல், பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள்.