நீதிபதி நியமனமும் வகுப்புவாரி ஒதுக்கீடும்

நீதிபதி ஒருவரைத் தெரிவுசெய்யுமிடத்து அவர்தம் கல்வியும் நடுவுநிலைமையும் மாத்திரம் நோக்கப்படல் வேண்டுமா, அன்றி அவர் எச்சமூகத்தினின்றும் வந்தவர் என்பதும் நோக்கப்படலாமா என்னும் வினா இந்திய நாட்டில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருவதொன்றாகும். அவ்வினா கூர்மையுற்றெழுந்த களங்களுள் ஒன்று சென்னை மாகாணம்.

1949ஆம் ஆண்டின் இறுதியில் அம்மாகாணத்துப் பொதுச்சேவை ஆணைக்குழு மாவட்ட முன்சீப்புப் பதவிகளுக்கு விண்ணப்பங் கோரியது. முன்சீப்பு என்பார் குடியியல் வழக்குகளை முதற்கண் விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதி. காணி, கடன், எல்லைத் தகராறு என வழக்கொடு வரும் எளியார் தம் வாழ்நாளிற் காணும் நீதிபதி பெரும்பாலும் அவரேயாவர். நிரப்பப்படவிருந்த 83 இடங்களும் வகுப்புவாரி ஆணையின்படி பங்கிடப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, அரிசனருக்கு 19, பிராமணருக்கு 11, பிற்பட்ட இந்துக்களுக்கு 10, கிறித்தவருக்கு 6, முஸ்லிம்களுக்கு 5. கூட்டிப் பார்ப்பின், யாவர்க்கும் பொதுவான இடம் ஒன்றேனும் எஞ்சவில்லை என்பது புலனாம். இதுவே அவ்வாணையின் பெருங்குறை என்பது எமது கருத்து.

பிராமண விண்ணப்பகாரர் ஒருவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1951 ஏப்ரல் 9ஆம் நாள் எழுவர் கொண்ட ஆயம் தீர்ப்பு வழங்கிற்று. அரசியல் யாப்பின் 16ஆம் உறுப்புரை அரசபதவிகளிற் சமவாய்ப்பை உறுதிசெய்கின்றது. அதன் 4ஆம் உட்பிரிவோ, போதிய இடம் பெறாத பிற்பட்ட வகுப்பினர்க்கு ஒதுக்கீடு செய்ய அரசுக்கு இடமளிக்கின்றது. ஆகவே அரிசனர்க்கும் பிற்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியது செல்லும், ஏனைய பங்கீடு செல்லாது என மன்று பிரித்துரைத்தது. அதே நாளில் வெளிவந்த கல்லூரி அனுமதி வழக்கின் தீர்ப்பே பலர்க்கும் நினைவிலுள்ளது. அவ்வாண்டிலேயே அரசியல் யாப்பு முதன்முறையாகத் திருத்தப்படுவதற்கு அது காரணமாயிற்று. முன்சீப்பு வழக்கு அதன் நிழலில் மறைந்துபோயிற்று. ஆயினும் ஒதுக்கீட்டுக்கும் பங்கீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது இதுவேயாம். பின்தங்கினோரை முன்கொணர்வது ஒன்று. சமூகம் முழுவதையும் கூறுபோட்டுக் கூறுக்கோரளவு கொடுப்பது மற்றொன்று.

நிற்க, ஒதுக்கீடு செல்லுமாயின் அதனை விதிக்க வல்லார் யார்? மாவட்ட நீதிபதிகளையும் அவர்க்குக் கீழ்ப்பட்டோரையும் நியமிக்கும் முறையை 233ஆம், 234ஆம் உறுப்புரைகள் வகுக்கின்றன. இரண்டிலும் ஆளுநர் உயர் நீதிமன்றத்தைக் கலந்தே ஒழுகல் வேண்டும். பீகார் சட்டமன்றமோ அங்ஙனங் கலவாது, நூற்றுக்கு 50 இடங்களை ஒதுக்கும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை நீதிச்சேவைக்கும் விரித்தது. 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்து ஐவர் ஆயத்தில் மூவர் அது செல்லாதென்றனர், இருவர் மாறுபட்டனர். கீழ்நீதிமன்றங்களில் ஒதுக்கீடே ஆகாதென்று அத்தீர்ப்புக் கூறவில்லை. அரசே பெரும்பாலும் வழக்காளியாக நிற்கும் மன்றில் இருக்கப்போகும் நீதிபதியை அவ்வரசு தனித்து நின்று தெரிவுசெய்தல் தகாது என்னும் அச்சமே அதன் அடிப்படை. அவ்வச்சம் நியாயமானதே. எனினும், கலந்தாலோசனை என்பது மறுப்பதற்கொரு கருவியாகிவிடின், 16ஆம் உறுப்புரை அளித்த இடம் ஏட்டளவில் நின்றுவிடும்.

உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றத்தையும் பொறுத்தவரை, 124ஆம், 217ஆம் உறுப்புரைகள் ஒதுக்கீடு எதனையும் விதிக்கவில்லை. 1950இல் தோன்றிய உச்ச நீதிமன்றத்திற் பட்டியற்சாதியினர் ஒருவர் நீதிபதியாக அமர்ந்தது 1980இலேயே; அவர் சென்னை உயர் நீதிமன்றத்தினின்றும் சென்ற அ. வரதராசன். அச்சமூகத்தவருள் முதலாவது தலைமை நீதியரசர் 2007இற் பதவியேற்ற கே. ஜி. பாலகிருஷ்ணன். அவர் 1973இற் கேரளத்தில் முன்சீப்பாக நியமனம் பெற்றவர்.