நாளைய பிள்ளைகளுக்கு இன்றே ஒரு கணக்கு
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் வேண்டும் என்பதை நம் விவசாயப் பெருமக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நடவு நாளன்று காலையில் நாற்றைத் தேடிப் புறப்படும் உழவரும் இலர். நடவு என்றைக்கு என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, விதை இத்தனை, விதைப்பு இந்த வாரம் என்று வகுத்துக்கொள்வதே வழக்கம்.

ஆயினும், அதே பெரியவர் பஞ்சாயத்துக் கூட்டத்தில் அமர்ந்து ஊர்ப் பள்ளியைப்பற்றிப் பேசத் தொடங்கியதும் இம்முறையை மறந்துவிடுகிறார். அறையில் இடமில்லாமற் போன பின்னரே கட்டிடம் கேட்கிறோம். பிள்ளைகள் வேறு பள்ளிக்குச் சென்ற பின்னரே ஆசிரியர் போதவில்லை என்று மனுக் கொடுக்கிறோம். ஊரைச் சுற்றி மனைகள் விற்றுத் தீர்ந்த பின்னரே பள்ளிக்கு நிலம் தேடுகிறோம். நகரத்தை ஒட்டியுள்ள கிராமங்களில் இத்தாமதம் பெருங்கேடாக முடியும். அது எவ்வாறு என்பதையும், அதைத் தவிர்க்கும் வழியையும் இங்கே விளக்க முற்படுகிறேன்.

குரோம்பேட்டை தரும் பாடம்

குரோம்பேட்டை என்னும் பெயர், அங்கு இயங்கிய குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. 1931-ல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1949-ல் திரு. ராஜம் அவர்களின் முயற்சியால் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இவ்வூரில் தோன்றியது. ரயிலும் ஜி.எஸ்.டி. சாலையும் வேலைவாய்ப்பும் மக்களை அழைத்து வந்தன. ரயில் பாதைக்குக் கிழக்கே ராதா நகர், நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம் எனக் குடியிருப்புகள் பெருகின. குரோம்பேட்டையை உள்ளடக்கிய பல்லாவரம் நகராட்சியின் மக்கள் தொகை 2001-ல் சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம்; 2011-ல் அது 2 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடுதல்!

2021 நவம்பரில் பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. இவ்வூர்களிற் பலவும் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த கிராமங்களே. இன்று அங்கே பள்ளிக்கு அரை ஏக்கர் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால், வீட்டு மனை விலையில் வாங்க வேண்டும். அவ்விலைக்கும் ஒரே தொடர்ச்சியான இடமாகக் கிடைப்பது அரிது. ஆகவே முன்னோர் எந்த இடத்தைப் பள்ளிக்கென ஒதுக்கி வைத்தனரோ, அந்த இடமே இன்றைய பிள்ளைகளுக்கு உள்ள இடம்.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. நகரம் அடுத்து வந்து சேரப்போகும் ஊராட்சிகளுக்கு இன்னும் சில ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் இரண்டு கணக்குகளை எழுதி முடிக்க வேண்டும். ஒன்று பிள்ளைகளின் கணக்கு. மற்றொன்று நிலத்தின் கணக்கு.

பிள்ளைகளின் கணக்கு

ஐந்தாண்டுகளுக்குப் பின் முதல் வகுப்பில் சேரப்போகும் பிள்ளை இன்று தொட்டிலில் இருக்கிறது. அங்கன்வாடியில் உள்ள மூன்று வயதுக் குழந்தை இரண்டு ஆண்டுகளில் முதல் வகுப்புக்கும், ஏழு ஆண்டுகளில் ஆறாம் வகுப்புக்கும், பத்து ஆண்டுகளில் ஒன்பதாம் வகுப்புக்கும் வரும். பிறப்புப் பதிவேடும், அங்கன்வாடிப் பணியாளர் வைத்திருக்கும் குடும்பக் கணக்கும், கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேடும் நம் ஊரிலேயே உள்ளன. இவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

உதாரணமாக, ஓர் ஊரில் ஆண்டுக்கு 40 குழந்தைகள் பிறப்பதாகவும், அவர்களில் 24 பேர் ஊர்த் தொடக்கப் பள்ளியில் சேர்வதாகவும் கொள்வோம். ஐந்து வகுப்புகளுக்கு 120 பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 91 முதல் 120 வரை நான்கு ஆசிரியர்கள். இப்பொழுது அவ்வூரில் 300 மனைகள் கொண்ட புதுக் குடியிருப்பு ஒன்று அமைகிறது. ஐந்தாண்டுகளில் பாதி மனைகளில் வீடு எழும்பினால் 150 வீடுகள். இரு வீட்டிற்கு ஒரு பிள்ளை தொடக்கப் பள்ளி வயதில் இருந்தால் 75 பேர். அவர்களிற் பாதியினர் நம் பள்ளிக்கு வந்தால் 38 பேர். மொத்தம் 158. 150-க்கு மேற்பட்டால் ஐந்து ஆசிரியர்களும் ஒரு தலைமையாசிரியரும் வேண்டும் என்கிறது சட்டம். ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையும், அவற்றோடு அலுவலகத்திற்கும் தலைமையாசிரியருக்குமாக ஓர் அறையும் தேவை.

ஆனால் இதனோடு நின்றுவிடலாகாது. பிறப்புகள் குறைந்து வருவதையும் நோக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகளே. மேலே சொன்ன ஊரில் பிறப்பு 40-லிருந்து 25 ஆகக் குறைந்தால், பழைய கணக்குப்படி பள்ளிக்கு வருவோர் ஆண்டுக்கு 15 பேர். ஐந்து வகுப்புக்கு 75. புதுக் குடியிருப்பின் 38-ஐச் சேர்த்தால் 113. அப்பொழுது நான்கு ஆசிரியர்களே போதும். புது மனைகளை மட்டும் எண்ணினால் தேவைக்கு மிஞ்சிய கட்டிடம் எழும்பும். பிறப்பை மட்டும் எண்ணினால் உள்ள பள்ளியையும் சுருக்கிவிடுவோம். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பிள்ளைகளிற் பாதிப் பேர் நம் பள்ளிக்கு வருவர் என்று கொண்டோமே, அந்தப் பாதி முழுமையாவதும் கால்வாசியாவதும் பெற்றோரின் நம்பிக்கையைப் பொறுத்தது. 1956-ல் காமராசர் ஆட்சியில் விரிவாக்கப்பெற்ற மதிய உணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வந்தன. ஆனால் பூட்டிய கழிப்பறையும் ஒழுகும் கூரையும் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஊரில் உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் நம் பள்ளியில் படிப்போர் எத்தனை பேர் என இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதி வைப்பது நலம். இடைவெளி பெருகுமாயின் வீடு வீடாகச் சென்று காரணத்தைக் கேட்டறிய வேண்டும்.

நிலத்தின் கணக்கு

என் பணிக் காலத்தில் நேர்ந்த ஒரு தவற்றை இங்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன். நகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் பள்ளிக்குப் பின்புறம் வேலியில்லாத் திடல் ஒன்று இருந்தது. ஊரார் அனைவரும் அதைப் பள்ளித் திடல் என்றே அழைத்தனர். பள்ளியைப் பார்வையிடச் சென்றபொழுதெல்லாம் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நில அளவை வரைபடத்தைக் கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து இரண்டு வகுப்பறைகளுக்கு அனுமதி வந்தது. இடத்தை அளந்தபோது, திடலின் பெரும்பகுதி பள்ளியின் பெயரில் இல்லை என்பது தெரிந்தது. அதற்குள் அடுத்திருந்த மனைப் பிரிவின் பாதை அதன் குறுக்கே அமைந்துவிட்டது. அறைகளைப் பிள்ளைகள் விளையாடிய முன்முற்றத்திலேயே கட்ட நேர்ந்தது. அறை கிடைத்தது, ஓடியாட இடம் போயிற்று. ஒரு நாள் அளவைப் பணியால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது.

இத்தகைய இழப்பு வேறெங்கும் நேராதிருக்கச் செய்யவேண்டுவன சில:

முதலாவது, பள்ளி நிலத்தின் புல எண், பரப்பு, யார் பெயரில் உள்ளது ஆகியவற்றைக் கிராமக் கணக்கில் சரிபார்த்து, அளந்து, எல்லைக் கல் நட்டு, வேலியோ சுற்றுச் சுவரோ அமைக்க வேண்டும். எவரேனும் வாய்மொழியாகத் தானம் செய்த இடமாயின், அவர் வாழ்நாளிலேயே தானப் பத்திரம் பதிவு செய்துகொள்வது அவசியம்.

இரண்டாவது, அடுத்த பத்தாண்டில் பள்ளிக்குத் தேவைப்படும் இடத்தை இப்பொழுதே குறித்து, தகுதியான அரசு புறம்போக்கு இருப்பின் அதைக் கல்விக்கென மாற்றித் தருமாறு தீர்மானம் இயற்றி, வருவாய்த் துறைக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக வழங்கவேண்டும் என்பது விதி. அது பூங்காவிற்கும் விளையாட்டிடத்திற்கும் உரியதேயன்றிப் பள்ளிக் கட்டிடத்திற்கு உரியதன்று. எனினும், பள்ளியை அடுத்து மனைப் பிரிவு வருமாயின், அத்திறந்த வெளி பள்ளியின் பக்கமாக அமையுமாறு அனுமதிக்கு முன்னரே கோரலாம். பிள்ளைகளுக்கு விளையாட இடம் அருகிலேயே கிடைக்கும்.

நான்காவது, நீர்நிலையில் கை வைக்கலாகாது. ஏரியும் குளமும் காலியாகத் தோன்றினும் அவை நீருக்கு உரிய இடங்கள். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபொழுது, முடிச்சூர்ப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறக்க இயலாது. பள்ளிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, அவ்வாண்டு வெள்ளம் எதுவரை நின்றது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலாகத் தளமட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றோடு வழியையும் நோக்க வேண்டும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டும் என்பது பொது விதி. வரைபடத்தில் அரை கிலோமீட்டராகத் தோன்றும் தூரத்தின் நடுவே ரயில் பாதையோ நெடுஞ்சாலையோ குறுக்கிட்டால், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அரை கிலோமீட்டர் அன்று. சாலைக்கு அப்பாலுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் தனியே எண்ண வேண்டும்.

யார் செய்வது?

இது மேலிடத்து வேலை என்று கருதுவோர் உளர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 2009-ல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. அங்கத்தினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது அக்குழுவின் கடமை. அத்திட்டம் மூன்றாண்டுக்குரியது, ஆண்டுவாரியாகப் பிரிக்கப்பட்டது. வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வர், கூடுதல் ஆசிரியர் எத்தனை பேர், கட்டிடமும் பொருளும் எவை, பணம் எவ்வளவு என்பன அதில் இடம்பெற வேண்டும்.

பெற்றோர் குழு மூன்றாண்டுத் திட்டத்தை எழுதட்டும். பஞ்சாயத்து பத்தாண்டுக்கான நிலத்தையும் பிள்ளைத் தொகையையும் கணித்துத் தரட்டும். இரண்டையும் கிராம சபையில் படித்துத் தீர்மானமாக்கினால் அது ஊரின் குரலாகும். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2022-ல் ஐந்தாண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பெற்றது. இத்தகைய திட்டங்கள் வரும்போது, தேவைப் பட்டியலும் அளந்த நிலமும் ஆயத்தமாக வைத்திருக்கும் ஊரே விரைந்து பயன்பெறும்.

இது நமக்குப் புதிதன்று. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த கடம்பத்தூரில் 1958-ல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கல்வி இயக்குநர் திரு. நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் முன்னின்று வளர்த்த அவ்வியக்கத்தில், பள்ளியின் தேவைகளை முதலில் பட்டியலிட்டனர். பின்னரே ஊராரை நாடினர். இன்ன பொருள் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டதால், ஒருவர் நிலமும் ஒருவர் பெஞ்சும் ஒருவர் சீருடையும் தர முன்வந்தனர்.

ஆண்டுதோறும் திருத்துக

எழுதி முடித்த திட்டத்தை அலமாரியில் பூட்டி வைத்தல் ஆகாது. மனைகளில் வீடு எழும்பும் வேகம் மாறும், பிறப்பு மாறும். ஆதலால் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதச் சேர்க்கை முடிந்ததும், எதிர்பார்த்த எண்ணையும் வந்த எண்ணையும் ஒப்பிட்டு, ஆகஸ்டு 15 கிராம சபையில் அறிவிக்கலாம். நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே திருத்திய திட்டம் கல்வி அலுவலரிடம் சேருமாயின், அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் இடம்பெற வாய்ப்புண்டு.

நம் ஊராட்சி நாளை ஒரு நகராட்சியோடு சேரலாம். பெயர்ப் பலகை மாறும். தலைவர், அங்கத்தினர் பதவிகளும் மாறும். ஆனால் அன்று ஒப்படைக்கப்படும் ஆவணங்களில் பள்ளி நிலம் அளந்து பதிவு செய்யப்பட்டிருந்தால், அதை எவரும் அசைக்க இயலாது. ஆகவே வரும் கிராம சபைக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எண்ணுங்கள். அனுமதி பெற்ற மனைகளை எண்ணுங்கள். பள்ளி நிலத்தின் எல்லைக் கற்களை நேரிற் சென்று பாருங்கள். ஒரு கல் குறைந்திருந்தால், அன்றே நில அளவருக்கு மனு எழுதுங்கள்.