வாருங்கள், உலக முடிவு வரை நடப்போம்!

 

"பயணம்" என்று வீட்டில் பேச்செடுத்தவுடன் உங்கள் மனதில் முதலில் எழுவது எது? மலையா, ஆறா, நீர்வீழ்ச்சியா? இல்லை. எத்தனை பேருக்குச் சோறு ஆக்க வேண்டும், எந்தச் சட்டியை எடுப்பது, கைக்குழந்தைக்கு வெந்நீர்ப் போத்தல் எங்கே என்ற கவலைதான். ஆண்கள் மலையைப் பார்க்கப் போகிறார்கள். நீங்கள் சட்டியைப் பார்த்துக்கொண்டு வேனுக்குள் இருக்கிறீர்கள். மாலையில் வீடு திரும்பியதும், "எப்படிப் பயணம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "நல்லா இருந்திச்சு" என்கிறீர்கள்.

இதை உங்களுக்குப் புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. நான் செய்த தவறு இது. நுவரெலியாவுக்கு ஏப்ரல் மாதத்து வசந்த காலத்தில் எத்தனையோ முறை குடும்பத்தோடு போயிருக்கிறேன். ஒருமுறை ஹோட்டன் சமவெளிக்கும் போனோம். அன்று நானும் மச்சான்மாரும் பெரிய பிள்ளைகளும் நடந்து போய் உலக முடிவைப் பார்த்துவிட்டு வந்தோம். என் மனைவி சாப்பாட்டுச் சட்டிகளோடு வேனில் காத்திருந்தார். அன்று அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து வைத்தியர் அவருடைய இரத்தத்தில் சீனி கூடியிருப்பதாகச் சொன்னார். "மருந்து பிறகு. முதலில் நடக்க வேண்டும்" என்றார். வெளியே வந்ததும் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "எங்க போய் நடக்கிறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே விடை இல்லை.

முதலில் சிறு நடை

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறது. நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அடுப்படிக்கும் கிணற்றடிக்குமாக நாள் முழுவதும் நடக்கிறோமே என்பீர்கள். அது களைப்பைத் தரும் நடை. நெஞ்சுக்கும் இரத்தத்துக்கும் கூடுதல் பலன் தருவது, சற்று வேகமாக நடக்கும் நடை.

நாங்கள் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் தொடங்கினோம். ஸுப்ஹு தொழுது, வெளிச்சம் வந்த பிறகு இருவரும் புறப்படுவோம். அதே நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் லயங்களிலிருந்து கூடையோடு மலைக்கு ஏறுவார்கள். முதல் நாள் மனைவி பாதி ஏற்றத்திலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். வயதான தொழிலாளி ஒருவர் அருகில் வந்து, "அம்மா, வேகமா ஏறாதீங்க. சின்னச் சின்ன அடியா வைங்க. பேசிக்கிட்டு ஏறுற அளவுக்குத்தான் ஏறணும்" என்றார். எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை.

அந்தப் பெண்களின் நடையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கோப்பிக் காலத்தில் அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே இந்த மலைகளுக்கு நடந்தே வந்தார்கள். வழியில் நோயிலும் பசியிலும் மாண்டவர் பலர். 1869-இல் கோப்பிச் செடிகளில் இலைநோய் விழுந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1867-இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிடத் தொடங்கியிருந்தார். கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு 1948-இன் சட்டம் குடியுரிமையை மறுத்தது. எஞ்சியிருந்தவர்களுக்கும் அது முழுமையாகக் கிடைக்க 2003 வரை ஆயிற்று. அவர்களுக்கு நடை ஒரு தேர்வு அல்ல, பிழைப்பு. நமது வீடுகளிலோ பெண் நடக்காமல் இருப்பதே மரியாதை என்றாகிவிட்டது. இரண்டுமே சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

பிறகு ஒரு விடுமுறையில் நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரைக்குப் போனோம். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் காலத்தில், 1870-களில், சதுப்பு நிலத்தில் நீரைத் தேக்கி உண்டாக்கியது இது. கரையோரம் சமதரை. குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு நடக்க ஏற்ற இடம். அங்கு நடந்து பழகிய பிறகுதான் ஹோட்டன் சமவெளி என்ற பேச்சையே எடுத்தேன்.

ஹோட்டன் சமவெளி

சிங்களத்தில் மகா எலிய என்று பெயர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த ரொபர்ட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்கு இட்டனர். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல், புல்வெளியும் குட்டையான மேகக் காடும் கலந்த மேட்டுநிலம். 1873-இல் தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்ட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். இல்லையென்றால் இங்கும் தேயிலை ஏறியிருக்கும். 1969-இல் வனவிலங்கு சரணாலயமாகவும், 1988-இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010-இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. மரக்கிளைகளில் தொங்கும் பாசி பனிமூட்டத்தின் ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்குத் தருகிறது. சமவெளியில் நெல் விளைவதற்கும் கொழும்பில் ஒரு சகோதரி குழாயைத் திறப்பதற்கும் பின்னால் இந்த ஈரத்துக்கும் பங்குண்டு.

9.5 கிலோமீட்டர் வட்டம்

நடைபாதை ஒரு வட்டம். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரலாம். மொத்தம் ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர். நின்று நிதானமாக நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம். செங்குத்தான ஏற்றம் அதிகமில்லை. கல்லும் வேரும் ஈரமும் உள்ள பாதை என்பதால் கவனம் மட்டும் வேண்டும்.

ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறி உலக முடிவை மறைத்துவிடும். ஆகவே நுவரெலியாவில் தங்கி, ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக வாசல் திறக்கும் வேளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். லுஹருக்கு முன் நடையும் முடிந்துவிடும். பட்டிப்பொலவில் உள்ளது இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வாசலில் வனஜீவராசிகள் திணைக்களத்தார் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். கோபப்படாதீர்கள். மனிதர் வீசும் உணவுக்குப் பழகிய மரைகள் பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. அது வயிற்றில் செரிக்காமல் தங்கிவிடும். உணவைத் துணியிலோ டப்பாவிலோ கட்டி எடுத்துச் செல்லுங்கள். மரைகளுக்கு எதையும் ஊட்டாதீர்கள்.

முதலில் புல்வெளி. அங்கங்கே ரொடொடென்ட்ரன் மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்கும். காட்டுக்குள் நுழைந்தால் நெலுச் செடிகள். இவை நமது குறிஞ்சியின் இனம். சில வகைகள் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கும். பிறகு சின்ன உலக முடிவு. அதன் பின் பெரிய உலக முடிவு. அங்கே நிலம் ஏறத்தாழ 870 மீட்டர் ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. கீழே தேயிலைத் தோட்டங்கள் பச்சைத் துணி விரித்ததுபோல் தெரியும். வானம் மிகத் தெளிவாக இருந்தால் தெற்குக் கடல்கூட ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும் என்பார்கள். நாங்கள் போன அன்று கடல் தெரியவில்லை. தோட்டத்து லயங்களின் கூரைகள் தெரிந்தன.

இந்த இடத்தில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். 2015-இல் ஹாலந்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்துவிட்டார். இடையில் ஒரு மரம் தாங்கியதால் உயிர் தப்பினார். இராணுவத்தினர் இறங்கித்தான் மீட்டார்கள். எல்லோருக்கும் அந்த மரம் வாய்ப்பதில்லை.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சிக்குப் பாதை போகிறது. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரின் பெயர் கொண்டது. உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். விழுவது பெலிஹுல் ஓயாவின் நீர். பார்க்க இறங்கும் படிகள் வழுக்கும். தண்ணீரில் இறங்க வேண்டாம். அதன் பிறகு மீண்டும் புல்வெளி, புறப்பட்ட இடம்.

பாதி வழியில்

உலக முடிவைத் தாண்டியதும் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "நீங்க பிள்ளையளோட போங்க. நான் இங்கயே இருக்கிறேன். வரும்போது கூட்டிட்டுப் போங்க" என்றார். பழைய வழக்கம்தான்.

"இந்த வழியாக நாங்கள் திரும்பி வர மாட்டோமே. இது வட்டம்" என்றேன்.

"அப்ப வந்த வழியே திரும்பினா கிட்டவா?"

"பாதிக்கு வந்துவிட்டோம். திரும்பினாலும் முன்னால் போனாலும் ஒரே தூரம்தான்."

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். மகள் ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "சின்னச் சின்ன அடியா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். நீர்வீழ்ச்சியை அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. எத்தனையோ ஆண்டுகள் அவர் எங்களுக்காகக் காத்திருந்தாரே!

போகுமுன் சில குறிப்புகள்

ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஆனால் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். சில நாட்களில் புல்லில் உறைபனி கூடக் காணலாம். கம்பளிச் சட்டை அவசியம். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து அணியுங்கள். அபாயாவின் கீழ்விளிம்பு நிலத்தில் புரளாதபடி சற்றுத் தூக்கித் தைத்துக்கொண்டால் கல்லில் சிக்காது. ஈரமான நாட்களில் அட்டை ஏறும். காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது இங்குள்ளவர்கள் வழக்கம். கழிவறைத் தேவையைப் புறப்படுமுன்பே முடித்துக்கொள்ளுங்கள். சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு, கையில் இனிப்பும் வைத்திருங்கள். 2025 நவம்பரில் "டித்வா" புயல் மலைநாட்டைக் கடுமையாகத் தாக்கி, மண்சரிவில் உயிர்களையும் பாதைகளையும் கொண்டுபோனது. ஆகவே வீதியும் பூங்காவும் திறந்திருக்கின்றனவா என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

இன்னொன்று. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போக நிய்யத்து வைத்திருக்கும் சகோதரிகளுக்கு இதைச் சொல்கிறேன். ஸயீ மட்டுமே ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அது ஒரு தாய் தன் பிள்ளைக்காகத் தண்ணீர் தேடி ஓடியதன் நினைவு. பணம் சேர்க்கும் ஆண்டுகளிலேயே நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணவன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்தில் சட்டியை வீட்டில் வையுங்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் பேரீச்சம்பழமும் ஒரு காலைக்குப் போதும். வேனில் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமென்றால், இந்த முறை நீங்கள் இருங்கள்.

என் மனைவி இன்றும் காலையில் நடக்கிறார். சீனி அளவு கட்டுக்குள் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். யாராவது ஹோட்டன் சமவெளியைப் பற்றிக் கேட்டால் இப்போது "நல்லா இருந்திச்சு" என்று நிறுத்திக்கொள்வதில்லை. உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றிக் கொடுத்து, தொடக்கத்திலிருந்து சொல்கிறார்.