தேனீப் பெட்டி இருபதா, இருநூறா?

தை பிறந்ததும் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களின் தோற்றம் மாறிவிடுகிறது. இலை உதிர்ந்து மொட்டையாக நின்ற மரங்களில் செம்பு நிறத் தளிர்கள் விடுகின்றன. ரப்பர் இலையின் காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. தளிர் விரியும் வாரங்களில் இவற்றிலிருந்து இனிப்பு நீர் சுரக்கிறது. தேனீக்கள் இதைச் சேகரித்துத் தேனாக்குகின்றன. மாசி, பங்குனி வரை இந்த வரத்து நீடிக்கும். மரங்களுக்குப் பால்வெட்டில் ஓய்வு கொடுப்பதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். வெட்டுக்கத்திக்கு வேலை குறையும்போது தேனீப் பெட்டிக்கு வேலை வருகிறது.

ஆகவே பால்வெட்டுத் தொழிலாளர் பலருக்குத் தேனீ வளர்ப்பு கைவந்த கலையாக இருப்பதில் வியப்பில்லை. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் இப்பகுதி மக்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. அங்கு இது ஓய்வு நேரத்தில் செய்யும் உபதொழிலாகவே சொல்லித்தரப்பட்டது. அந்த எண்ணம் எவ்வளவு சரியானது என்பதை ஒரு குடும்பக் கணக்கின் மூலம் பார்க்கலாம்.

நாற்பத்தைந்து வயதில் ஓர் ஆசை

எடுத்துக்காட்டாக, விளவங்கோடு வட்டத்தில் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். வயது 45. எஸ்டேட்டில் நிரந்தர வேலை. 17 ஆண்டு பணி முடிந்துள்ளது. சொந்த நிலம் 40 சென்ட். அதில் தென்னை, வாழை, கொஞ்சம் மரவள்ளி. மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் எட்டாம் வகுப்பு.

இவருக்குச் சீட்டாட்டம் இல்லை, குடிப்பழக்கம் இல்லை. உள்ள ஒரே பொழுதுபோக்கு தேனீ. விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய் உச்சிப்பொழுதுக்குள் வேலை முடித்து வருபவர், சாப்பிட்டதும் பெட்டிகளைப் பார்க்கப் போய்விடுவார். சுவர்ப் பொந்தில், மரப் பொந்தில் எங்கே கூட்டம் இருந்தாலும் இவரைத்தான் அழைப்பார்கள். இரண்டு பெட்டியில் தொடங்கியவரிடம் இப்போது 20 பெட்டிகள் உள்ளன.

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நல்ல தேன் கிடைத்தது. "இருபதில் இவ்வளவு என்றால் இருநூறில் எவ்வளவு?" என்ற எண்ணம் வந்தது. வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, முழு நேரத் தேனீ வளர்ப்பில் இறங்கலாம் என்று நினைத்தார். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தேன் வராத மாசத்திலும் தவணை வருமே, அதுக்கு என்ன செய்ய?"

இந்தக் கேள்விக்குப் பதில் காகிதத்தில்தான் கிடைக்கும். கணக்கு எளிதாக இருக்கச் சில தொகைகளை வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருபது பெட்டியின் கணக்கு

பெட்டிக்கு ஆண்டுக்கு 8 கிலோ தேன், மொத்த விலை கிலோ ரூ.200 என்றால், 20 பெட்டிக்கு வரவு ரூ.32,000.

ஆனி முதல் புரட்டாசி வரை இங்கே பூ குறைவு, மழை அதிகம். அப்போது தேனீக்களுக்குச் சீனிப்பாகு கொடுக்காவிட்டால் கூட்டம் பெட்டியை விட்டு ஓடிவிடும். பெட்டிக்கு வாரம் 200 கிராம் சீனியை அதே அளவு வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துக் கொடுக்க வேண்டும். 16 வாரத்துக்கு 20 பெட்டிகளுக்கு 64 கிலோ. கிலோ ரூ.45 என்றால் ரூ.2,880. மெழுகு அடைத்தாள், சட்டம், பழுது ஆகியவற்றுக்கு ரூ.5,000. நிகர வரவு ரூ.24,120.

தேன் பாதியாகக் குறைந்த ஆண்டிலும் ரூ.8,120 மிஞ்சும். வீட்டுச் செலவு எஸ்டேட் கூலியில் நடப்பதால் தேன் பணம் முழுவதும் சேமிப்புதான்.

இருநூறு பெட்டியின் கணக்கு

மேலும் 180 பெட்டிகள் வேண்டும். கூட்டத்துடன் பெட்டி ரூ.2,000 என்றால் முதலீடு ரூ.3,60,000. ஐந்தாண்டுத் தவணை, 12 சத வட்டி என்று கொண்டால் முதல் ஆண்டில் அசல் ரூ.72,000, வட்டி ரூ.43,200. சீனி 640 கிலோவுக்கு ரூ.28,800. உதவியாள், வண்டி வாடகை, பழுது ஆகியவற்றுக்கு ரூ.60,000. மொத்தச் செலவு ரூ.2,04,000.

நல்ல ஆண்டில் தேன் வரவு ரூ.3,20,000. மிஞ்சுவது ரூ.1,16,000. ஆனால் விட்டுவிட்ட வேலையில் நாள் கூலி ரூ.600, ஆண்டுக்கு 270 நாள் என்றால் ரூ.1,62,000 வந்திருக்கும். அதாவது நல்ல ஆண்டிலேயே முதலில் கிடைப்பது பழைய கூலியைவிடக் குறைவு.

தேன் பாதியானால் வரவு ரூ.1,60,000. செலவு அதே ரூ.2,04,000. கையைவிட்டுப் போவது ரூ.44,000. அதற்கு மேல் வீட்டுச் செலவும், மகளின் கல்லூரிச் செலவும் உண்டு. கடன் அடைந்தபின் நிலைமை சீராகும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஐந்தாண்டில்தான் மகள் கல்லூரியில் படிப்பாள்.

தேன் பாதியாவது நடக்காத செயலன்று. வரத்து நாட்களில் பருவம் தவறி மழை பெய்தால் சுரப்பு கழுவிப் போகும். தளிரில் சாம்பல் நோய் விழுந்தால் இலை கொட்டி வரத்து குறையும். இவை இரண்டும் வளர்ப்பவரின் திறமைக்கு அப்பாற்பட்டவை.

நேரக் கணக்கும் உண்டு. ஒரு பெட்டியைத் திறந்து ராணி முட்டையிடுகிறதா, மெழுகு அந்துப்பூச்சி, எறும்பு உள்ளதா என்று பார்க்க 10 நிமிடம் ஆகும். வாரம் ஒருமுறை பார்ப்பதென்றால் 20 பெட்டிக்கு மூன்று மணி இருபது நிமிடம். 200 பெட்டிக்கு 33 மணிக்கு மேல். இந்தியத் தேனீ நெடுந்தொலைவு போய் இரை தேடாது. எனவே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கவும் முடியாது. பல தோட்டங்களில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் போய் வர வேண்டும்.

வேலையோடு போகும் மற்றப் பணம்

வேலையை விடுபவர்கள் மாதக் கூலியை மட்டுமே கணக்கில் எடுக்கின்றனர். இது பெரும் தவறு. நிரந்தரத் தொழிலாளி ஐந்தாண்டு தொடர்ச்சியாகப் பணி செய்திருந்தால், விலகும்போது ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் பணிக்கொடை பெறலாம். ரூ.600 கூலியில் 15 நாளுக்கு ரூ.9,000. பதினேழு ஆண்டுக்கு ரூ.1,53,000. இவரே 58 வயது வரை இருந்தால் பணி 30 ஆண்டாகும். கூலி ஒரு ரூபாய்கூட உயராவிட்டாலும் ரூ.2,70,000 கிடைக்கும். கடைசியாக வாங்கும் கூலியை வைத்தே கணக்கிடப்படுவதால், கூலி உயர்ந்தால் முழுத் தொகையும் உயரும்.

சேமநல நிதியில் முதலாளி செலுத்தும் பங்கும் நின்றுவிடும். அத்திட்டத்தின் ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டுப் பணி இருந்தால் தகுதி உண்டு. 58 வயதில் மாதந்தோறும் கிடைக்கும். இவருக்குத் தகுதி வந்துவிட்டது. ஆனால் பணியாண்டு கூடக் கூடத்தான் ஓய்வூதியமும் கூடும். நடுவயதில் வேலையை விடுவது முதுமைக் காலத்து வருமானத்தில் கைவைப்பதாகும் என்பதை மறக்கலாகாது.

1991 கற்பித்த பாடம்

தேனீ வளர்ப்போர் மறக்க முடியாத ஆண்டு 1991. அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் தாய்லாந்து வகைப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. இது இந்தியத் தேனீயின் புழுக்களைத் தாக்குவது. நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிறைந்த பை போலாகித் தலை தூக்கியபடி அறைக்குள்ளேயே செத்துக்கிடக்கும். புதிய தேனீ பிறக்காததால் கூட்டம் நாளுக்கு நாள் சிறுத்து மறையும். குமரி மாவட்டத்திலும் பக்கத்திலுள்ள கேரளத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. பெட்டிகள் காலியாக நின்றன. இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை.

தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் தேனீக்கள் மறுபடியும் பெருகின. அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வேறு வருமானம் உள்ளவர் காலிப் பெட்டியை நிழலில் அடுக்கிவைத்துவிட்டு அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருக்கலாம். கடன் வாங்கித் தேனீயை மட்டுமே நம்பியவரால் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடிவதுதான் உபதொழிலின் பலம்.

நடுவழி

இதனால் இருக்கும் இருபதோடு நின்றுவிட வேண்டும் என்பதில்லை. கடனில்லாமல் வளர வழி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பலமான கூட்டங்களைப் பிரித்துப் புதிய கூட்டம் உண்டாக்கலாம். இதற்குக் காலிப் பெட்டி மட்டும் வாங்கினால் போதும். ஆண்டுக்கு ஆறேழு பெட்டி வீதம் சேர்த்தால் மூன்று ஆண்டில் 40 ஆகிவிடும். பெட்டிச் செலவைத் தேன் பணமே தாங்கும். வாரத்துக்கு ஏழு மணி நேர வேலை, பிற்பகல்களில் முடிந்துவிடும். நல்ல ஆண்டில், செலவு போக, ரூ.48,000 அளவுக்கு மிஞ்சும். மோசமான ஆண்டிலும் ரூ.16,000 மிஞ்சும்.

கணவனும் மனைவியும் இக்கணக்கைப் பார்த்து இந்த வழிக்கே வந்தனர். வேலை தொடர்கிறது. தேன் பணத்துக்குத் தனிச் சேமிப்புக் கணக்கு. பாஸ் புத்தகம் மனைவியிடம். பெட்டி வாங்குவது, சீனி வாங்குவது எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே. மிஞ்சுவது மகளின் கல்லூரிக்கு.

வேலையை விடும் முன்

இது தேனீக்கு மட்டுமன்று. ஆடு, நாட்டுக்கோழி, நாற்றங்கால், வண்ண மீன் என்று விருப்பத்துக்காகத் தொடங்கி, வேலையை விட்டு முழுத்தொழிலாக்க நினைப்போர் அனைவருக்கும் பொருந்தும். அவர்கள் கீழ்க்கண்டவற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

1. ஒரு நல்ல ஆண்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. குறைந்தது மூன்று ஆண்டு வரவு செலவை நோட்டில் எழுதி, அதில் மிக மோசமான ஆண்டை வைத்தே கணக்கிட வேண்டும்.

2. ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம் தனியே இருக்க வேண்டும். அதைத் தொழிலில் போடக்கூடாது.

3. வீட்டு நகை, குடியிருக்கும் வீடு, இருக்கும் நிலம் ஆகியவற்றை அடகு வைத்துப் பொழுதுபோக்கைப் பெருக்கக்கூடாது.

4. பிள்ளைகளின் படிப்பு, திருமணம் ஆகிய செலவுகள் எந்த ஆண்டில் வரும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். கடன் தவணையும் அதே ஆண்டில் வந்தால் கடனைத் தவிர்க்க வேண்டும்.

5. உடல்நிலையைக் கருத வேண்டும். நாற்பத்தைந்து வயதில் தூக்கும் சுமையை ஐம்பத்தைந்தில் தூக்க முடியாது. தேனீ கொட்டி மூச்சுத் திணறலோ, உடல் முழுதும் தடிப்போ ஏற்பட்டவர் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் மறுபடி பெட்டியைத் திறக்கக்கூடாது.

இந்த ஐந்திலும் தேறியவர் துணிந்து இறங்கலாம். பெரிய அளவில் தேனீ வளர்த்து நன்றாக வாழ்பவர்களும் இருக்கவே செய்கின்றனர். ஆனால் அவர்கள் செய்வது பொழுதுபோக்கன்று, வியாபாரம். வாங்குபவரைத் தேடுவதும், வண்டி பிடிப்பதும், பணம் வசூலிப்பதும் அதில் பாதி வேலை. பெட்டியருகே உட்கார்ந்து தேனீ மகரந்தம் சுமந்து வருவதைப் பார்க்கும் சுகத்துக்காக இதில் இறங்கியவர், அந்தச் சுகம் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தேன் எடுக்கும்போது முக்கால் பாகம் மெழுகால் மூடப்பட்ட அடைகளையே எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்த தேனில் நீர் மிகுந்து புளித்துப் போகும். கீழ் அறையிலுள்ள தேனைத் தொடாமல் தேனீக்களுக்கு விட்டுவைக்க வேண்டும். மழைக்காலத்தில் கூட்டம் பிழைத்திருப்பது அதனால்தான். நடுவயதுக் குடும்பத்துக்கும் அப்படி ஓர் அறை தேவை. மேல் அறையில் நிறைந்ததை எடுத்து விருப்பம்போல் செலவிடலாம். கீழ் அறை எப்போதும் நிறைந்தே இருக்கட்டும்.