கம்பனியும் சேர்ந்து விளக்கை அணைத்தபோது: சிட்னி நகர் தரும் பாடம்

'மின்சாரத்தைச் சேமிப்போம்' என்ற வாசகத்தைப் பாடசாலை மதிலிலும் வங்கி நாட்காட்டியிலும் கடைப் பையிலும் காண்கின்றோம். அதன் அடியில் பெரும்பாலும் ஒரு கம்பனியின் சின்னமும் இருக்கும். இலாபத்துக்காக நடக்கும் ஒரு நிறுவனம் சேமிப்பைப் பற்றிப் பேச முன்வருவது ஏன்? அதனால் மக்களுக்குக் கிடைப்பது என்ன? அதை நாம் எவ்வாறு அளந்து பார்ப்பது? உலகமே அறிந்த ஒரு பிரசாரத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு இவற்றைச் சிந்திப்போம்.

சிட்னியில் நடந்தது

2007 மார்ச் 31, சனிக்கிழமை. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் இரவு 7.30 முதல் 8.30 வரை, அவசியமற்ற விளக்குகளை அணைக்கும்படி மக்கள் கேட்கப்பட்டனர். 'ஏர்த் அவர்', அதாவது பூமிக்கான ஒரு மணி நேரம், என்று அதற்குப் பெயர். அப்பகுதியின் மின்சாரத்தில் பெரும்பங்கு அக்காலத்தில் நிலக்கரியை எரித்தே பெறப்பட்டது. நிலக்கரிப் புகை பூமியின் வெப்பத்தைக் கூட்டுகிறது என்பதை மக்கள் மனதில் பதிய வைப்பதே நோக்கம்.

இதனை முன்னெடுத்தது உலக இயற்கை நிதியத்தின் அவுஸ்திரேலியக் கிளை. அதற்குப் பங்காளியாகச் சேர்ந்தது 'சிட்னி மோர்னிங் ஹெரல்ட்' நாளிதழை அப்போது வெளியிட்டு வந்த பெயர்பக்ஸ் என்ற பத்திரிகைக் கம்பனி. லியோ பேர்னெற் என்ற விளம்பர நிறுவனமும் கைகொடுத்தது.

அன்றிரவு துறைமுகப் பாலமும் ஒப்பேரா மண்டபமும் இருளில் மூழ்கின. சுமார் 22 இலட்சம் மக்களும் 2,000க்கு மேற்பட்ட வர்த்தக நிலையங்களும் பங்குபற்றியதாக ஏற்பாட்டாளர்கள் கணக்கிட்டனர். நகர மத்தியில் மின்பாவனை 10.2 சதவீதம் குறைந்ததாக மின்விநியோக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டே இவ்வழக்கம் 35 நாடுகளுக்குப் பரவியது.

கொடுத்ததும் பெற்றதும்

கம்பனி கொடுத்தது பெறுமதியானது. சேவை அமைப்பொன்று வீடு வீடாகச் சென்று சொல்ல ஆண்டுகள் எடுக்கும் செய்தியை, நாளிதழ் ஒன்று ஒரே காலையில் இலட்சக்கணக்கானோரிடம் சேர்த்துவிடும். பெரிய கட்டடங்களின் சொந்தக்காரரை இணங்க வைக்கவும் அதன் செல்வாக்கு உதவும்.

கம்பனி பெற்றதும் உண்டு: நல்ல பெயர், வாசகர் கவனம், விளம்பரதாரர் நட்பு. இதைக் குற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பங்காளியாக நிற்பவரே வெற்றியை அறிவிக்கும் செய்தியாளராகவும் இருக்கும்போது, வாசகர் தாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அந்தக் கணக்கு கடினமானதல்ல. அன்றைய சேமிப்பு, சுமார் 48,000 கார்களை ஒரு மணி நேரம் வீதியில் இருந்து எடுத்ததற்குச் சமம் எனப்பட்டது. ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் உண்டு. 48,000ஐ அதனால் பிரித்தால், ஆண்டு முழுவதும் ஆறு கார்களைக்கூட நிறுத்தியதாக வராது! ஆகவே, அந்த ஒரு மணி நேரத்தில் உண்மையாகச் சேமிக்கப்பட்ட சக்தி மிகச் சிறியது. அதன் பயன் மக்கள் மனதில் விழுந்த விதையில் இருந்தது. விதை முளைத்ததா என்பதை மறுநாள் முதல் பார்க்க வேண்டும்.

அதே ஆண்டு பெப்ரவரியில், அதாவது விளக்கணைப்புக்கு முன்னரே, அவுஸ்திரேலிய அரசு பழைய குண்டு பல்புகளைப் படிப்படியாக நீக்கப் போவதாக அறிவித்திருந்தது. அது ஒரு மணி நேரத்தோடு முடியாத, எல்லா வீட்டிலும் எல்லா இரவும் வேலை செய்யும் மாற்றம்.

ஒரு பல்பின் கணக்கு

குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளிச்சமாக்காமல் சூடாக்கி வீணாக்குகிறது. 60 வோட்ஸ் குண்டு பல்பு இரவில் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யுனிற் செல்லும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வோட்ஸ் எல்.ஈ.டி. பல்புக்கு ஒன்றரை யுனிற்கூடத் தேவையில்லை. 30, 60, 90 யுனிற் எல்லைகளைத் தாண்டினால் கட்டணம் ஏறுகின்ற எமது நாட்டில், இந்த ஏழரை யுனிற் ஒரு குடும்பத்துக்குச் சிறு தொகையல்ல. 2023 பெப்ரவரியில் மின்கட்டணம் சராசரியாக 66 சதவீதம் உயர்த்தப்பட்டபோது இதைப் பலரும் உணர்ந்தோம்.

எம்மிடம் வரும்போது

சிக்கனம் எமது மக்களுக்குப் புதிதல்ல. 1990களில் வடக்கில் மின்சாரமும் இன்றி, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு வந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சிறு திரி வைத்து, எண்ணெயை அளந்து ஊற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். ஆகவே சேமிப்பைப் பற்றி ஊருக்கு வந்து பேசுவோரிடம், மரியாதையுடன் ஆனால் தயங்காமல், சில கேள்விகளைக் கேட்கும் உரிமை எமக்கு உண்டு.

1. எமக்குச் சொல்வதைத் தமது அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் கம்பனி செய்திருக்கிறதா? எவ்வளவு மிச்சம் பிடித்தது?

2. சேமிக்கச் சொல்லிவிட்டுப் பொருளும் விற்கிறார்களா? அப்படியாயின் விலை என்ன, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் எங்கே மாற்றுவது?

3. பலனை அளப்பவர் யார்? பிரசாரத்துக்கு முந்திய மூன்று மாத மின்பட்டியலையும் பிந்திய மூன்று மாதப் பட்டியலையும் நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. பதாகை கழற்றப்பட்ட பின்னர் வேலையைத் தொடர்பவர் யார்? மாதர் சங்கமா, கமக்காரர் அமைப்பா?

5. இன்னும் மின்னிணைப்பு இல்லாத குடும்பங்களுக்கும், சொந்தக் காணிக்குத் திரும்பாமல் உறவினர் வளவில் இருப்போருக்கும் இதில் என்ன பங்கு?

இக்கேள்விகளுக்கு நேரான பதில் தரும் கம்பனியை வரவேற்போம். அதன் வசதியும் செல்வாக்கும் ஊருக்குப் பயன்படட்டும். பதில் இல்லையெனில், கூட்டம் முடிந்ததும் கலைந்து செல்லாமல் எமது வேலையை நாமே தொடங்குவோம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தமது மின்பட்டியலை எடுத்து வாருங்கள். பட்டியல் இல்லாதவர்கள் மாதம் செலவாகும் மண்ணெண்ணெய்க் கணக்கைக் கொண்டு வாருங்கள். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதுவோம். அங்கிருந்து தொடங்கலாம்.